ரோக்: காதில் சூடு வாங்கியவன் விளையாட்டு மேசைக்கு வந்த கதை

மக்களே, இன்னிக்கு சுகர், பிபி, கொலஸ்ட்ரால் எதுவும் இல்லை. ஒரு விளையாட்டைப் பற்றிய வரலாறு. கொஞ்சம் நீளமான இழை. ஞாயிற்றுக்கிழமைதானே, டீயோட உட்காருங்க. நடுவுல ஒரு இடத்துல கேஷுவாலிட்டி வரும், அதைத் தவிர்க்க முடியல.

போன மாசம் அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். காலேஜ் மூணாம் வருஷம். பை நிறைய விதவிதமான பகடை: நாலு பக்கம், எட்டுப் பக்கம், பன்னிரண்டு பக்கம், இருபது பக்கம். "மாமா, ஒரு ஆள் குறையுது, நீங்க வாங்க"ன்னு உட்கார வச்சுட்டான்.

விளையாட்டின் பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவங்களுக்குத் தெரியும், அந்தப் பசங்க முதல் எபிசோட்ல வீட்டு அடித்தளத்துல உட்கார்ந்து ஆடுறது இதைத்தான். பார்க்காதவங்களுக்கு: ஒருத்தர் கதைசொல்லி. மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். "முன்னாடி ஒரு கதவு, பூட்டியிருக்கு, என்ன செய்றீங்க?"ன்னு கதைசொல்லி கேட்பார். நாம என்ன செய்யப் போறோம்னு சொல்லணும். அது நடந்துச்சா இல்லையான்னு பகடை சொல்லும். அவ்வளவுதான் விளையாட்டு.

பாத்திரங்களுக்கு வகுப்பு உண்டு. போர்வீரன், மந்திரவாதி, பூசாரி, இப்படி. எனக்குக் கிடைச்சது 'ரோக்'. ஏன்டா, எனக்கு மட்டும் திருடனா?

"பூட்டு, பெட்டி, பொறி எல்லாம் வேற யார் திறப்பா மாமா? ரோக் இல்லாம பார்ட்டி உள்ளயே போக முடியாது. அதுவுமில்லாம நீங்க டாக்டர், கை நடுங்காது."

அன்னிக்கு ஆடி முடிக்கும்போது ராத்திரி ஒரு மணி. தூக்கம் வரல. இந்தத் திருடன் எங்கிருந்து வந்தான்னு தேட ஆரம்பிச்சேன். தேடிக்கிட்டே போனா நானூறு வருஷம் தாண்டிடுச்சு.

முதல்ல ஒரு ஆச்சரியம். 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துல, லேக் ஜெனிவா என்ற சின்ன ஊர்ல இருந்து கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் இந்த விளையாட்டை வெளியிட்டபோது அதில் திருடனே கிடையாது. மூணே மூணு வகுப்பு. சண்டை போடுறவன், மந்திரம் போடுறவன், சாமி பேர் சொல்லி குணப்படுத்துறவன். (மூணாவது ஆள் நம்ம இனம். பெருமைப்பட்டுக்கிட்டேன்.)

திருடன் வந்தது கலிபோர்னியாவிலிருந்து. சாண்டா மோனிகாவில் ஏரோ ஹாபீஸ்னு ஒரு கடை. அங்கே ஆடிக்கிட்டிருந்த குழு தங்களுக்குள்ள ஒரு திருடன் பாத்திரத்தை உருவாக்கி வச்சிருந்தது. கடைக்காரர் கேரி ஸ்விட்சர் போன்ல கைகாக்ஸுக்கு அதைச் சொன்னார். கைகாக்ஸ் அதைத் தன் பாணியில் மாத்தி 1974இலேயே ஒரு செய்திமடலில் எழுதினார். அடுத்த வருஷம், 1975இல், 'கிரேஹாக்' என்ற துணைப் புத்தகத்தில் திருடன் அதிகாரபூர்வ வகுப்பு ஆனான். திருடன் என்ற யோசனையே இரவல்தான் என்பது பொருத்தமா இல்லையா?

அந்தப் புத்தகம் அவனுக்குக் கொடுத்த உடம்பைப் பாருங்க. போர்வீரனின் உயிர்ப்புள்ளிக்கு எட்டுப் பக்கப் பகடை. திருடனுக்கு நாலு பக்கப் பகடை. அதாவது ஒண்ணு விழுந்தா ஒரே குத்தில் ஆள் காலி. இரும்புக் கவசம் கிடையாது, தோல் சட்டைதான். ஆரம்ப நிலையில் பூட்டுத் திறக்க 15 சதவீத வாய்ப்பு. பொறியைச் செயலிழக்க வைக்க 10 சதவீதம். நிழலில் ஒளிய 10 சதவீதம். ஏறுறது மட்டும் 87 சதவீதம், சுவர்ப் பல்லி மாதிரி.

10 சதவீத வெற்றி வாய்ப்புள்ள ஆபரேஷனுக்கு நான் யார்கிட்டேயும் கையெழுத்து வாங்க மாட்டேன். இவனோ தினமும் அதைத்தான் செய்யணும், அதுவும் தன் விரலை உள்ளே விட்டு.

1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த அடிப்படை விதிப்புத்தகத்தில் ஆட்டம் எப்படி இருக்கும்னு காட்ட ஒரு மாதிரி உரையாடல் இருக்கு. அதில் பிளாக் டூகல் என்ற திருடன் ஒரு வெள்ளிப் பெட்டியைச் சோதிக்கிறான். விஷ ஊசிப் பொறி இருக்கிறது அவனுக்குத் தெரியல. குத்துது. பகடை உருட்டுறாங்க, தோல்வி, விழுந்து சாகிறான். புதுசா வர்ற பிள்ளைகளுக்கு விதி சொல்லிக் கொடுக்கிற புத்தகம் இது! அதைப் படிச்சு வளர்ந்த ஒரு தலைமுறையே இன்னமும் அவன் பேரை ஞாபகம் வச்சிருக்கு.

இன்னொண்ணும் நடந்துச்சு. திருடன் வர்றதுக்கு முன்னாடி யார் வேணும்னாலும் சத்தமில்லாம நடக்கப் பார்க்கலாம், பெட்டியைத் தட்டிப் பார்க்கலாம், கதைசொல்லி கேட்டு முடிவு சொல்வார். "இது திருடனின் திறமை, இத்தனை சதவீதம்"னு அச்சில் வந்ததும் மத்தவங்க கையைக் கட்டிக்கிட்டாங்க. பழைய ஆட்டக்காரர்கள் இன்னிக்கும் இதைக் குறையாச் சொல்றாங்க. சூப்பர் ஸ்பெஷாலிட்டி வந்த பிறகு எங்க தொழிலிலும் இதே கதைதான், அதை இன்னொரு நாள் பேசுவோம்.

சரி, கைகாக்ஸ் மனசுல இருந்த திருடர்கள் யார்? அவரே எழுதியிருக்கார். ஜாக் வான்ஸின் கூஜெல், ரோஜர் ஸெலாஸ்னியின் 'ஜாக் ஆஃப் ஷேடோஸ்' நாவலின் நாயகன், ஃபிரிட்ஸ் லைபரின் கிரே மௌசர்.

மௌசர் 1939இல் ஒரு பத்திரிகைக் கதையில் அறிமுகமானவன். சின்ன உருவம், சாம்பல் நிற உடை. கூடவே ஃபாஃபர்ட் என்ற வடதிசைப் பூதாகாரன். ரெண்டு பேரும் லாங்க்மார் நகரத்துத் திருடர்கள். அந்த நகரத்துல திருடர்களுக்குச் சங்கமே உண்டு. நம்ம வணிகர் சங்கம் மாதிரி கட்டடம், தலைவர், உறுப்பினர். இன்னிக்கு எந்த விளையாட்டில் திருடர் சங்கம் வந்தாலும் அது அந்த ஊர்க்காரங்கதான். மௌசர் ஆரம்பத்துல ஒரு மந்திரவாதியின் சீடன். மந்திரம் அரைகுறை. இந்த 'அரைகுறை' முக்கியம், இதோ வர்றேன்.

கூஜெல் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள். 1966இல் வந்த நாவல். சூரியன் அணையப் போகிற கடைசிக் காலத்துப் பூமி. கூஜெல் தன்னைப் பெரிய புத்திசாலின்னு நம்புற ஒரு போக்கிரி. யூகோனு என்ற மந்திரவாதி வீட்டுக்குள் திருடப் போய் மாட்டிக்கிறான். மந்திரவாதி கொல்லல. எங்கோ தூர வடக்கில் இருக்கிற ஒரு ஊதா நிறக் கண்ணாடி வில்லையை எடுத்துட்டு வான்னு அனுப்புறார். ஏமாத்திட்டு ஓடிடக் கூடாதே? அதனால கொக்கியும் முள்ளும் நகமுமா இருக்கிற ஒரு ஜந்துவை அவன் வயித்துக்குள்ள விடுறார். அது போய் எதைக் கவ்விக்குது தெரியுமா? கல்லீரலை. கூஜெல் வழியில கொஞ்சம் சோம்பேறித்தனம் பண்ணினா உள்ளே ஒரு பிடி.

கல்லீரல் நோயாளிகளைத் தினமும் பார்க்கிறவனா சொல்றேன், வான்ஸ் சரியான உறுப்பைத்தான் தேர்ந்தெடுத்திருக்கார்.

அத்தனையும் தாண்டித் திரும்பி வந்து, மந்திரவாதியைப் பழிவாங்க மந்திரப் புத்தகத்தை எடுக்கிறான் கூஜெல். யூகோனுவைத் தூக்கிப் போய் அந்த வடக்குக் கடற்கரையில் போடுற மந்திரம். ஒரு அசையைத் தப்பாச் சொல்றான். தூக்கிட்டுப் போகுது, அவனையே. புறப்பட்ட இடத்துக்கே. நாவல் அங்கே முடியுது.

விளையாட்டில் உயர்நிலைத் திருடன் மந்திர ஓலையைப் படிக்கலாம், ஆனா தப்பாப் போய் அவன் மேலேயே திரும்புற வாய்ப்பும் உண்டுன்னு பழைய பதிப்புகளில் ஒரு விதி இருந்துச்சு. ஏன் இப்படி விசித்திரமா ஒரு விதின்னு ரொம்பப் பேர் யோசிச்சிருப்பாங்க. கூஜெலையும் மௌசரையும் படிச்சா புரியும்.

டோல்கீனின் பில்போவை விட்டுட்டேன்னு யாராவது சண்டைக்கு வர்றதுக்குள்ள: ஆமா, 1937இல் வந்த 'தி ஹாபிட்' கதையில் குள்ளர்கள் அவனைக் கூட்டிட்டுப் போறதே கன்னம் வைக்கிற ஆளாத்தான். அவனும் சின்ன உடம்பு. அவனும் சண்டைக்கு லாயக்கில்லாதவன்.

கன்னம் வைக்கிறதுன்னதும் ஒரு சின்ன கிளைக்கதை. சூத்ரகரின் 'மிருச்சகடிகம்' சமஸ்கிருத நாடகத்தில், உஜ்ஜயினியில், சர்விலகன்னு ஒரு திருடன் வருவான். கன்னக்கோல் போடுறதுக்கு முன்னாடி சுவரைப் பார்த்து, துளையை எந்த வடிவத்தில் வெட்டலாம், தாமரையா, பிறையா, பூரண கும்பமான்னு யோசிப்பான். காலையில ஊரே வந்து பார்த்துப் பாராட்டணுமாம்! அளவுநாடா கொண்டுவர மறந்துட்டான், பூணூலால் அளக்கிறான். திருட்டுக்கு அவன் கும்பிடுற தெய்வம் கார்த்திகேயன், நம்ம முருகன். துளை போடும்போது விரலில் பாம்பு கடிக்குது. அதே பூணூலால் விரலைக் கட்டி வைத்தியம் பார்த்துக்கிட்டு வேலையைத் தொடர்கிறான்.

(டாக்டரா ஒரு நிமிஷம்: பாம்பு கடிச்சா இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. சர்விலகன் தப்பிச்சது நாடகம்.)

அவன் எதுக்குத் திருடினான்? அவன் காதலி மதனிகை ஒரு வீட்டில் அடிமை. அவளை விலை கொடுத்து மீட்கணும்.

இந்த 'எதுக்கு' என்ற கேள்விதான் எனக்கு விளையாட்டில் உறுத்துச்சு. மேசையில் எங்க ரோக் எல்லாரும் தங்கத்துக்காகத் திருடினோம். பழைய கதைகளில் அப்படி இல்லை.

மேற்கத்திய இலக்கியத்தின் போக்கிரிகளுக்கெல்லாம் மூத்தவன் ஒரு சின்னப் பையன். 1554இல் ஸ்பெயினில் அச்சான 'லாஸரில்லோ தெ தோர்மெஸ்'. எழுதினவர் பேர் போடலை. அஞ்சு வருஷத்துல ஸ்பெயினின் மத விசாரணை மன்றம் அதைத் தடை செஞ்சிருச்சு. படிச்சா காரணம் புரியும்.

லாஸரோ ஏழைப் பையன். அம்மா அவனை ஒரு குருட்டுப் பிச்சைக்காரருக்கு எடுபிடியா விட்டுடுறா. அவர் சோறு போட மாட்டார். ஒயின் ஜாடியைக் கையிலிருந்து விட மாட்டார். பையன் ஜாடியின் அடியில் துளை போட்டு மெழுகால் அடைச்சு வைக்கிறான். குளிருக்கு அவர் கால்களுக்கு நடுவுல ஒண்டி உட்காருவான். நெருப்புச் சூட்டில் மெழுகு இளகும், ஒயின் நேரா வாயில் சொட்டும். ஒருநாள் கிழவர் துளையைக் கண்டுபிடிச்சிட்டார். காட்டிக்கல. மறுநாள் பையன் கண்ணை மூடிச் சுகமாக் குடிக்கும்போது ஜாடியை ரெண்டு கையாலும் தூக்கி அவன் முகத்தில் இறக்கிட்டார். பல்லெல்லாம் உடைஞ்சு போச்சு. அப்புறம் அந்தக் காயத்தை அவரே ஒயின் ஊத்திக் கழுவுறார், கிண்டல் பேசிக்கிட்டே.

அடுத்த எஜமான் ஒரு பாதிரியார். நாலு நாளைக்கு ஒரு வெங்காயம், அதுதான் பையனுக்குப் படி. ரொட்டி எல்லாம் பூட்டின பெட்டிக்குள்ள. தெருவில் வந்த ஒரு ஈயம் பூசுறவன்கிட்ட லாஸரோ பெட்டிக்குச் சாவி வாங்கிடுறான். முழு ரொட்டி எடுத்தா தெரிஞ்சிடும்னு எலி கொறிச்ச மாதிரி கிள்ளிக் கிள்ளித் தின்கிறான். பாதிரியார் ஓட்டையெல்லாம் பலகை வச்சு அடைக்கிறார். பையன் புது ஓட்டை போடுறான். எலிப்பொறி வைக்கிறார், சீஸ் துண்டோட. பையன் சீஸையும் தின்னுடுறான். எலி சிக்கலையே, அப்போ பாம்பாத்தான் இருக்கும்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க.

ராத்திரி சாவியை எங்கே ஒளிக்கிறது? வாய்க்குள்ள. ஒருநாள் தூக்கத்துல வாய் லேசாத் திறந்து, மூச்சு சாவியின் துளை வழியாப் போய் விசில் சத்தம். பாம்பு சீறுதுன்னு நினைச்ச பாதிரியார் இருட்டுல தடியால் ஓங்கி ஒரே போடு. மூணு நாள் பையனுக்கு நினைவில்லை.

தலைக்காயத்தோட மூணு நாள் நினைவிழந்த ஒரு சிறுவன். காரணம், ஒரு துண்டு ரொட்டி. அந்த 15 சதவீதப் பூட்டு, 10 சதவீதப் பொறி, நாலு பக்க உயிர்ப்பகடை, எல்லாமே இந்தப் பையன்கிட்ட இருக்கு. பசியை மட்டும் விளையாட்டு கழட்டி வச்சிட்டு, அந்த இடத்துல தங்கத்தை வச்சிருச்சு.

இப்போ அந்தச் சொல்லுக்கு வருவோம். 1975இல் அவன் 'திருடன்'. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் திருடனையும் பாடகனையும் சேர்த்து 'ரோக்' என்ற தொகுதி. 2000இல் மூன்றாம் பதிப்பில் திருடன் என்ற பேரையே எடுத்துட்டு வகுப்புக்கே 'ரோக்'னு வச்சுட்டாங்க. எல்லா ரோக்கும் திருடணும்னு அவசியமில்லை, ஒற்றனா இருக்கலாம், துப்பறியலாம், வெறும் சாமர்த்தியசாலியா இருக்கலாம். மென்மையான பேர்.

மென்மையா? அந்தச் சொல்லின் பிறப்புச் சான்றிதழைப் பார்க்க இங்கிலாந்து போகணும்.

1560கள். எலிசபெத் ராணி காலம். நிலமில்லாதவங்க, வேலையில்லாதவங்க சாலையெல்லாம் நடக்கிறாங்க. கென்ட் பகுதியில் தாமஸ் ஹார்மன்னு ஒரு கனவான், உடம்பு சரியில்லாம வீட்டோட இருக்கிறவர். வாசலுக்கு வர்ற பிச்சைக்காரர்களை நிறுத்தி விசாரிக்கிறார். விசாரிச்சதை வகைப்படுத்திப் புத்தகமாப் போடுறார். 1567 பதிப்பு நம்ம கையில் இருக்கு. இருபதுக்கும் மேற்பட்ட வகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு அத்தியாயம். ஜன்னல் வழியாக் கொக்கிக் கழி விட்டுத் துணி திருடுறவன் ஒரு வகை. குதிரை திருடுறவன் ஒரு வகை. எருக்கம்பால் மாதிரி தோலைப் புண்ணாக்குற ஒரு செடியைக் காலில் வச்சுக் கட்டி, புண்ணைக் காட்டிப் பிச்சை எடுக்கிறவன் ஒரு வகை. 'ரோக்' அதில் ஒரு வகை. பிறந்ததே அந்தக் கூட்டத்தில் என்றால் 'காட்டு ரோக்', தனி வகை!

புத்தகத்தின் கடைசியில் இவர்களுடைய ரகசியப் பேச்சுக்கு ஒரு அகராதி. 1978இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகத்திலும் திருடர்களுக்குத் தனி ரகசிய மொழி உண்டு. இன்னிக்கு வரைக்கும் உண்டு. ஹார்மன் எழுதினது ஒரு விதத்துல ஒரு 'வகுப்புப் புத்தகம்'. ஒரே வித்தியாசம்: விளையாட்டில் வகுப்பை நாம தேர்ந்தெடுக்கிறோம். அங்கே வாசலில் நிற்கிறவனுக்கு வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்தார். புத்தகத்தில் உயிரோட இருந்த ஆட்களின் பேர்ப் பட்டியலும் போட்டிருக்கார்.

அதில் என் தூக்கத்தைக் கெடுத்த பேர் நிக்கோலஸ் ஜென்னிங்ஸ். 'போலி வலிப்புக்காரன்' வகை. 1566 நவம்பர் மாசம் லண்டனில் ஹார்மன் வாசலுக்கு வர்றான். முகமெல்லாம் ரத்தமும் சேறும். எட்டு வருஷமா வலிப்பு நோய், பெத்லம் ஆஸ்பத்திரியில் இருந்தேன்னு சொல்றான். ஹார்மன் ஆள் அனுப்பிக் கேட்டா, அப்படி யாரும் அங்கே இருந்ததே இல்லையாம். தன் புத்தகத்தை அச்சடிச்சவரின் ரெண்டு பையன்களை அவன் பின்னாடி அனுப்புறார். அவன் ஒதுக்குப்புறமாப் போய் ஒரு பையிலிருந்து புதுசா ரத்தம் பூசிக்கிறதை அவங்க பார்க்கிறாங்க. இந்த வகைக்காரங்க வாயில் சோப்பு வச்சு நுரை தள்ளுவாங்கன்னும் ஹார்மன் எழுதியிருக்கார். ராத்திரி பிடிச்சுச் சோதிச்சா 13 ஷில்லிங் 3½ பென்னி. ஒரு கூலியாளுக்கு அப்போ நாள் முழுக்க உழைச்சாலும் ஒரு முழு ஷில்லிங் தேறாது. தப்பிச்சு ஓடுறான், அப்புறம் வேற வேஷத்துல மறுபடி மாட்டுறான், பொது இடத்தில் கட்டைச் சட்டத்தில் நிறுத்தப்படுறான்.

படிக்க சுவாரசியமான கதைதான். எனக்குச் சிரிப்பு வரல. காரணம் சொல்றேன்.

பதினஞ்சு வருஷம் முன்னாடி, ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ, ராத்திரி ரெண்டு மணி கேஷுவாலிட்டி. பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிற ஒருத்தர், ஐம்பது வயசிருக்கும், மாசத்துக்கு ரெண்டு தடவை 'வலிப்பு'ன்னு வருவார். வந்தா ஒரு ராத்திரி பெட், காலையில பாலும் பிரெட்டும். எங்க எல்லாருக்கும் அவர் 'ஆக்டிங் பார்ட்டி'. அன்னிக்கும் வந்தார். அவர் கையைத் தூக்கி முகத்துக்கு நேரா விட்டுப் பார்த்தேன். முகத்தில் விழாம ஒதுங்கி விழுந்தா நடிப்புன்னு சீனியர்கள் சொல்லிக் கொடுத்த சோதனை. ஒதுங்கித்தான் விழுந்துச்சு. சீட்டில் ஒரு வார்த்தை எழுதிட்டு வராண்டாவில் படுக்க வச்சேன்.

நாலரை மணிக்கு சிஸ்டர் ஓடி வந்தாங்க. நாக்கின் ஓரம் கடிபட்டு ரத்தம். வேட்டி நனைஞ்சிருக்கு. கண் ஒரு பக்கமாத் திரும்பி நிக்குது. சிடி எடுத்தா மண்டையோட்டுக்குக் கீழே பழைய ரத்தக்கட்டு, மூளையை ஒரு பக்கமாத் தள்ளிக்கிட்டு. எங்கேயோ, எப்பவோ தலையில் அடிபட்டிருக்கு. துளை போட்டு எடுத்தாங்க. பிழைச்சார். மூணாம் நாள் என்னைப் பார்த்து "தம்பி, டீ கிடைக்குமா"ன்னார்.

நான் எழுதின அந்த வார்த்தை சீட்டில் அப்படியே இருந்துச்சு. ஆஸ்பத்திரிச் சீட்டில் அடிச்சு மறைக்கக் கூடாது, அது சட்டம். கீழே புதுசா ஒரு வரி எழுதலாம், அவ்வளவுதான்.

ஹார்மன் பொய் சொல்லலை. ஜென்னிங்ஸ் நடிச்சவன்தான். ஆனா அந்தப் புத்தகத்தைப் படிச்சவங்க கண்ணுக்கு அடுத்து வர்ற ஒவ்வொரு வலிப்புக்காரனும் ஜென்னிங்ஸாத்தானே தெரிஞ்சிருப்பான்? இதுக்கு ஒரு சாட்சி இருக்கார், அதுவும் எங்க தொழில்காரர். சைமன் ஃபோர்மன், ஜோசியமும் வைத்தியமும் பார்த்தவர். 1611 மே 15ஆம் தேதி குளோப் அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'தி விண்டர்ஸ் டேல்' பார்த்துட்டுக் குறிப்பு எழுதி வச்சார். அதில் ஆட்டோலிகஸ்னு ஒரு ரோக் வருவான். வழிப்பறியில் அடிபட்டவன் மாதிரி விழுந்து கிடந்து, தோள்பட்டை நழுவிடுச்சுன்னு அனத்துவான். இரக்கப்பட்டுத் தூக்கிவிடுறவனின் பணத்தை அந்த அணைப்பிலேயே அடிச்சிடுவான். அருமையான முடிச்சவிழ்க்கி. ஃபோர்மன் அந்த நாடகத்திலிருந்து எடுத்துக்கிட்ட படிப்பினை: நோயாளி வேஷம் போடுற பிச்சைக்காரர்களை நம்பாதே.

வேடிக்கை என்னன்னா லண்டன் மருத்துவர் கல்லூரிக்கு ஃபோர்மனே ஒரு போலி. அபராதம் போட்டு, சிறையில் வச்சு, வருஷக்கணக்கா விரட்டினாங்க.

சட்டம் என்ன செஞ்சது? 1572. 'ரோக்'னு முடிவாயிட்டா, பதினாலு வயசுக்கு மேல இருந்தா, சாட்டையடி. அப்புறம் வலது காதின் குருத்தெலும்பில் ஒரு அங்குலச் சுற்றளவுள்ள பழுக்கக் காய்ச்சின இரும்பால் துளை. யாராவது ஒரு வருஷம் வேலைக்கு வச்சுக்கிறேன்னு சொன்னால் மட்டும் விலக்கு. மூணாம் தடவை மாட்டினா மரணம். காதுக் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, தீக்காயம் பட்டா சீழ் பிடிச்சு உருக்குலைஞ்சு போகும், பழைய மாதிரி ஆகவே ஆகாது. அடையாளம் நிரந்தரமா இருக்கணும்னு நினைச்சவங்களுக்குச் சரியான இடம்.

அந்தச் சட்டத்தின் பட்டியலில் யார் யார்? உரிமம் இல்லாத பாடகர்கள், நடிகர்கள், வித்தை காட்டுறவங்க, கரடி ஆட்டுறவங்க, தெருவில் ஈயம் பூசுறவங்க, சில்லறை வியாபாரிகள், அனுமதிச் சீட்டு இல்லாமப் பிச்சை எடுக்கிற ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள்கூட. 1572இல் பாடகனையும் போக்கிரியையும் ஒரே சட்டத்தில் அடைச்சாங்க. 1989இல் விளையாட்டுப் புத்தகம் பாடகனையும் திருடனையும் ஒரே தொகுதியில் வச்சது. தெரிஞ்சு செஞ்சிருப்பாங்கன்னு நான் நினைக்கல. சொல்லுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி.

அந்தப் பார்வை கப்பலேறி இங்கேயும் வந்துச்சு. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம். 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்திலும். 'காட்டு ரோக்' நினைவிருக்கா, பிறப்பிலேயே போக்கிரி? அதே யோசனை, இப்போ முழு முழுச் சாதிகளுக்கு. கைரேகை பதி, ராத்திரி போலீஸ் ஸ்டேஷன்ல வந்து படு. மதுரைப் பக்கம் 'ரேகைச் சட்டம்'னு சொன்னா வயசானவங்களுக்குத் தெரியும். அதை எதிர்த்ததுக்காக 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு.

சினிமா காமெடியில் 'கேப்மாரி'ன்னு திட்டுவாங்க, தியேட்டர் சிரிக்கும். நானும் ஹாஸ்டலில் நூறு தடவை சொல்லியிருப்பேன். அது ஒரு சமூகத்தின் பேர். தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் இன்னமும் இருக்கு. தெரிஞ்ச அன்னிக்கு நிறுத்தினேன், தெரியறதுக்கு முப்பது வயசு ஆயிடுச்சு.

விளையாட்டிலும் இதன் நிழல் இருந்துச்சு. 1978 புத்தகத்தில் திருடனின் திறமைக்கு 'இன' அட்டவணை உண்டு. இந்த இனத்துக்கு ஒளியிறதில் இத்தனை கூடுதல், அந்த இனத்துக்கு ஏறுறதில் இத்தனை குறைவுன்னு. பொழுதுபோக்குக் கணக்குதான், யார் காதும் கருகல. ஆனாலும் பிறப்பால் திருட்டுக் கை என்ற கணக்கு அது. 2024 புத்தகத்தில் 'இனம்' என்ற சொல்லையே எடுத்துட்டாங்க. "எதுக்கு இந்த அரசியல்"னு இணையத்தில் ஒரே சண்டை. அக்கா பையனும் முதல்ல அந்தக் கட்சிதான்.

2017இல் ஜான் ஹார்ப்பர் எழுதின 'பிளேட்ஸ் இன் தி டார்க்' என்ற விளையாட்டை அவன் எனக்குக் காட்டினான். அதில் வீரன், பூசாரி கிடையாது. மேசையில் எல்லாருமே போக்கிரிகள். மன அழுத்தத்துக்குப் புள்ளிகள் உண்டு, அது நிரம்பினா மனசில் ஒரு நிரந்தரக் காயம். நாலு காயம் சேர்ந்தா அந்தப் பாத்திரத்தின் தொழில் முடிஞ்சுது, ஒதுங்கணும் இல்லைன்னா ஜெயில். ஆறின பிறகும் தழும்பு இருக்கும்னு ஒப்புக்கிட்ட விளையாட்டு. எனக்குப் பிடிச்சிருந்தது. அவனுக்கு "டிப்ரஸிங்கா இருக்கு மாமா".

போன ஞாயிறு மறுபடி உட்கார்ந்தோம், அவன்கிட்ட இருந்த 2014 பதிப்புப் புத்தகத்தை வச்சு. ரோக்குக்கு இப்போ எட்டுப் பக்கப் பகடை, முன்ன மாதிரி பொசுக்குன்னு சாக மாட்டானாம். பின்னணி என்ன போடட்டும்னு கேட்டான். குற்றவாளி இருக்கு, மோசடிக்காரன் இருக்கு. பக்கத்தைத் திருப்பினேன், 'அர்ச்சின்'னு ஒண்ணு இருந்துச்சு: ஆதரவில்லாமத் தெருவில் தனியா வளர்ந்த பிள்ளை. அதைப் போடுன்னேன். பேர் லாஸரோ.

"அதுக்கு வர்ற சாமான் எல்லாம் வேஸ்ட் மாமா"ன்னு வாசிச்சுக் காட்டினான். ஒரு சின்னக் கத்தி. வளர்ந்த ஊரின் வரைபடம். அப்பா அம்மா ஞாபகமா ஏதோ ஒரு பொருள். ஒரு செல்ல எலி.

எலியை மட்டும் கட்டாயம் எழுதச் சொன்னேன். ஏன்னு கேட்டான். ரொட்டிப் பெட்டிக் கதையை முதலிலிருந்து சொன்னேன்.